நான் கதவைச் சாத்தியதன் காரணம்

காரைக்கால்,
18 செப்டம்பர் 1985

புதுச்சேரியில் இருக்கும் மைத்துனர் திரு. சந்தனசாமி அவர்களின் சமுகத்துக்கு, காரைக்காலிலிருந்து யாகப்பன் எழுதிக்கொண்டது.

'அன்புள்ள' என்ற சொல்லை இம்முறை விட்டிருக்கிறேன். அது கைமறதி அன்று. இங்கே உங்கள் தங்கை இசபெல்லாவும், உங்கள் மகள் சலோமியும், அவள் பெற்ற உங்கள் பேரனும் ஆண்டவர் தயவால் சுகம். நானும் சுகமே, ஆனால் அதை அறிய நீங்கள் துடித்ததாக உங்கள் எழுத்தில் தடயம் இல்லை. உங்கள் சுகத்தை விசாரிப்பது மரபு. மரபை மீறிப் பழக்கமில்லாதபடியால், விசாரித்ததாகவே எடுத்துக்கொள்ளவும்.

உங்கள் அஞ்சலட்டை கிடைத்தது. பேரனின் ஞானஸ்நானத்துக்கு நான் ஞானத்தகப்பனாக நிற்கக் கூடாது, எனக்குப் பதிலாக எங்கள் தெரு சூசைராஜ் ஏந்துவார் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். காரணமும் எழுதியிருக்கிறீர்கள்: 'ஐம்பத்து நாலு வயதில் பொம்மை வைத்துக்கொண்டு விளையாடுகிறவர் என் பேரனை ஏந்துவது நம் குடும்பத்துக்கு அழகல்ல.' தாயில்லாத சலோமியை, மாப்பிள்ளை பிரான்சில் வேலையிலிருக்க, பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்ட அன்று, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மச்சான், நீங்கதான் ஏந்தணும். உங்களுக்கும் ஒரு புள்ள இருக்கட்டும்" என்று சொன்னவர் நீங்கள். எங்களுக்குப் பிள்ளையில்லாததை அதுவரை யாரும் அவ்வளவு பதமாகச் சொன்னதில்லை. நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு இசபெல்லா ஞானஸ்நானச் சட்டைக்கு வெள்ளைத் துணி எடுத்து வைத்தாள். அப்படிக் கொடுத்த பிள்ளையை அஞ்சலட்டையில் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். உறைக்குள் போட்டிருக்கலாம். தபால்காரர் அதை எனக்கு முன்பே படித்துவிட்டு, நீட்டும்போது, "மனசத் தேத்திக்குங்க சார்" என்றார்.

ஆகவே நடந்ததை ஆதியிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியும் சூசைராஜ் சொன்ன பாதி.

திருச்சியில் என்னோடு ஒரே அறையில் இருந்து படித்த நெய்னா முகம்மதுவை உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் துணி வியாபாரம். ஜூன் மாதம் ஊருக்கு வந்தவரிடம் நான் சொல்லிவைத்திருந்தது ஒரு டேப் ரெக்கார்டர். அவர் கொண்டுவந்தது வேறு. "டேப்பு ஊர்ல எல்லாப் பயலும் வச்சிருக்கான் யாகப்பா. இது காரைக்கால்லயே ஒன்னுதான் இருக்கும். அங்க ஆபீஸ் போறவங்கல்லாம் ஆடுறாங்க" என்று சொல்லி என் மடியில் வைத்தார். வீடியோ கேம் என்று பெயர். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இதன் ஒயரைச் செருக வேண்டும். திரையின் மேற்பகுதியில் செங்கல் அடுக்கியதுபோல் ஒரு சுவர் தெரியும்; அடியில் ஒரு சிறு பலகை; நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. குமிழைத் திருகிப் பலகையை நகர்த்தினால், புள்ளி அதில் பட்டுத் தெறித்து, மேலே போய் ஒரு செங்கல்லை உடைத்துவிட்டு 'டுப்' என்ற ஓசையோடு திரும்பி வரும். தவறவிட்டால் போயிற்று. இவ்வளவுதான் ஐயா அந்தப் பொம்மை.

இதில் என்ன சுகம் என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முப்பது வருடமாகத் தர்க்கம் கற்பிக்கிறேன். காரணம் இருந்தால் காரியம் விளையும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வெளியே வந்தால், தகுதியுள்ளவனுக்கு வேலை கிடைப்பதில்லை, தவறு செய்தவனுக்கு மாற்றல் வருவதில்லை, சிபாரிசு இருந்தால் செத்தவனுக்குக்கூடப் பதவி உயர்வு வருகிறது. அந்தத் திரையில் மட்டும் புள்ளி எந்தக் கோணத்தில் போனதோ அந்தக் கோணத்தில் திரும்புகிறது. யாருக்காகவும் வளைவதில்லை. தவறு நடந்தால் அது என் தவறு. சுவர் உடைந்தால் உடைத்தவன் நான். மாலையில் சிறிது நேரம் அப்படியொரு உலகத்தில் இருந்துவிட்டு வந்தால், மறுநாள் கல்லூரிக்குப் போகும் தைரியம் உண்டாகிறது. இதற்கு மேல் விளக்க எனக்கு அவசியமில்லை.

எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேரே வந்து கூடத்தில் விழும். கண்ணாடியில் வெயில் பட்டால் வெள்ளைப் புள்ளி தெரியாது. ஆகவே கதவையும் ஜன்னல்களையும் சாத்திக்கொண்டு ஆடினேன். நான் கதவைச் சாத்தியதன் காரணம் அதுதான். முழுக் காரணமும் அதுதான்.

சென்ற மாதம் ஒரு நாள், அடுத்த வீட்டுக் கமலாம்பாள், இலங்கைக்காரன் டி.வி.யில் போடும் பாட்டு நிகழ்ச்சியைப் பார்க்க வழக்கம்போல் வந்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து 'டுப் டுப்' என்று சத்தம். கொல்லைப்புறமாகச் சுற்றிப் போய், அடுப்படியில் மிளகாய் வறுத்து இருமிக்கொண்டிருந்த உங்கள் தங்கையிடம், "என்னங்க, சாரு கதவச் சாத்திக்கிட்டு உள்ள என்ன பண்றாரு?" என்று கேட்டிருக்கிறார். இசபெல்லா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி, "வீடியோ கேமு" என்றாள். கமலாம்பாளின் காதில் விழுந்தது, "வீடியோ காமம்."

ஓர் ஏகாரம் ஆகாரமாகி, நுனியில் ஒரு மகரம் ஒட்டியது, வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, பெண்களை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஆண்கள் என்ன படம் பார்க்கிறார்கள் என்பது நம் ஊரில் யாருக்கும் தெரியாததல்ல. தெரியாததுபோல் இருப்பது நம் ஊரின் நாகரிகம். கமலாம்பாள், "ஐயையோ, பச்ச உடம்புக்காரி இருக்குற வீட்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அன்று பொழுது சாய்வதற்குள் தருமபுரம் வரை செய்தி போய்விட்டது.

இங்கே ஒன்றை நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். நான் ஒழுக்கக்கேடன் என்று ஊர் நம்பிய அந்த நாட்களில், எனக்கு மரியாதை ஒரு துளியும் குறையவில்லை, கூடியது. அதுவரை என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகும் ஆண்கள் நின்று சிரித்தார்கள். முடிதிருத்தும் கடையில் எனக்கு முன்பிருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். எனக்குக் காரணம் புரியவில்லை. வயது கூடியதால் வரும் மதிப்பு என்று எண்ணிக்கொண்டேன். சூசைராஜ்தான் புரியவைத்தார். பூசை முடிந்து வெளியே வரும்போது கோயில் வாசலிலேயே என் தோளோடு தோள் உரசி, "சார், புதுக் கேஸட்டு வந்தா ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க. நான் வெளிய மூச்சு விட மாட்டேன்" என்றார்.

"என்ன கேஸட்?"

"அதான் சார்… வீடியோ காமம். புதுச்சேரி போயிருந்தப்ப உங்க மச்சான்கிட்டகூடச் சொன்னேன். அவரு சிரிச்சுட்டாரு. 'ஆம்பள, அவரு வீட்லதான பாக்குறாரு'ன்னுட்டாரு. பெரிய மனசு சார் அவருக்கு!"

உங்கள் பெரிய மனசை நான் அன்றுதான் அறிந்தேன்.

என் பெயரின்மேல் விழுந்த அந்த ஆகாரத்தைத் துடைப்பது கடமை என்று தீர்மானித்தேன். அடுத்த ஞாயிறு, கமலாம்பாளிடம் சொல்லித் தெருவையே வரச் சொன்னேன். வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, வெயில் இறங்கும்வரை காத்திருந்து, "வாங்க, உக்காருங்க. எல்லாருக்கும் வீடியோ போட்டுக் காட்டப்போறேன்" என்றேன். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கமலாம்பாள் மட்டும், "எனக்கு வயசாயிருச்சு, எனக்கென்ன" என்று அசையாமல் உட்கார்ந்துகொண்டார். ஆண்கள் ஒருவரும் போகவில்லை. வராதவர்களும் வந்தார்கள். சூசைராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் இருந்தார்.

நான் ஒயரைச் செருகினேன். சுவர் வந்தது. புள்ளி வந்தது. நான் ஆடினேன். அந்த அமைதியை எப்படி விவரிப்பது என்று தெரியவில்லை. பெரிய வெள்ளிக்கிழமையில்கூட நம் கோயிலில் அவ்வளவு அமைதி கிடையாது. கடைசியில் சூசைராஜ் மெல்லக் கேட்டார்: "சார், இது ஆரம்பம்தான? படம் எப்ப வரும்?"

"இதுதான்."

"இதேதானா?"

"இதேதான்."

"அட என்னங்க நீங்க," என்றார் கமலாம்பாள், மிகுந்த மனவருத்தத்தோடு. "இந்தக் கருமத்துக்கா கதவச் சாத்துனீங்க?"

பின்வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அதோடு என் வீழ்ச்சி தொடங்கியது. முடிதிருத்தும் கடையில் இடம் கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொண்டார். டீக்கடையில், "சாருக்குப் பால் மட்டும் போடுப்பா, பாப்பாவுக்கு டீ ஆகாது" என்று ஒருவர். நான் நடந்தால் வாயாலேயே 'டுப் டுப்' என்று ஓசை எழுப்பிக்கொண்டு மேலவீதி வரை வழியனுப்பி வைக்க ஆட்கள். கல்லூரியில் சக விரிவுரையாளர் ஒருவர், "கோலிகுண்டு வேணுமா, எம்பையன்கிட்ட நெறைய இருக்கு" என்று சக ஆசிரியர்கள் முன்னிலையில் விசாரித்தார். நான் குடித்திருக்கலாம், நாலு பேர் தூக்கி வந்து வீட்டில் போடுவார்கள். சீட்டாடியிருக்கலாம், கிளப்பில் உறுப்பினராக்குவார்கள். ஆபாசப்படம் பார்த்திருக்கலாம், அதற்கான மரியாதையை அனுபவித்தே விட்டேன். ஆனால் யாருக்கும் கெடுதலில்லாமல், யாருடைய தயவும் இல்லாமல், வளர்ந்த மனிதன் ஒருவன் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து விளையாடினான் என்றால், அதை மட்டும் நம் சமுதாயம் மன்னிப்பதில்லை.

உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காமம் என்று கேட்டபோது சிரித்த நீங்கள், கேம் என்று கேட்டதும் அஞ்சலட்டை எடுத்தீர்கள். நீங்கள் யார்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, தினமும் சாயங்காலம் உங்களைப்போன்ற சொல்தாமார்களோடு மண்தரையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரும்புக் குண்டை உருட்டி, அது சின்ன மரக்குண்டுக்கு அருகில் போயிற்றா என்று குனிந்து பார்ப்பவர். அதற்குப் பெத்தாங் என்று பெயர். யாருடைய குண்டு கிட்டத்தில் இருக்கிறது என்று நீங்கள் கயிறு பிடித்து அளந்து சண்டையிட்டதை நானே நின்று பார்த்திருக்கிறேன். அதைப் பொம்மை என்று யாரும் சொல்வதில்லை. குண்டு கனமாக இருக்கிறது, பெயர் பிரெஞ்சில் இருக்கிறது. என் புள்ளிக்குக் கனமில்லை என்பதுதான் அதன் குற்றமென்றால், அதைச் செய்தவனிடம் சொல்லி அடுத்த முறை ஈயம் ஊற்றச் சொல்கிறேன்.

இனி நீங்கள் அறியாத பாதி. உங்கள் அஞ்சலட்டையில் கடைசி வரியாக, 'பசாசின் ஆரவாரங்களை விட்டுவிடுகிறேன் என்று பிள்ளைக்காகச் சடங்கில் சொல்ல அவருக்கு வாய் வருமா?' என்று ஒரு கேள்வி இருந்தது. இதே கேள்வியை எழுதிப் பங்குச்சாமியாருக்கும் அனுப்பியிருந்தீர்கள். இன்று காலை அவர் என்னையும் சூசைராஜையும் கோயில் பங்களாவுக்கு அழைத்தார். சலோமியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். நான் வேண்டாமென்றேன், கேட்கவில்லை. சாமியார் இளையவர்; சண்டைக்குப் பயந்தவர். என்னைப் பார்த்து, "சார், எதுக்கு இவ்வளவு? அந்த மெஷின விட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. உங்க பேரையே எழுதிடுறேன்" என்றார்.

ஒரு வார்த்தைதான். எனக்கும் பிள்ளைக்கும் இடையில் அந்த ஒரு வார்த்தைதான் நின்றது. இசபெல்லா தைத்து முடித்த வெள்ளைச் சட்டை வீட்டில் மடித்தபடி இருக்கிறது. பொய்யாகவாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் ஞானஸ்நானத் தொட்டியருகில் முதல் வார்த்தையே பொய்யாகச் சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பிள்ளைக்கு நான் எதை உண்மை என்று சொல்லப்போகிறேன்?

"சாமி," என்றேன், "சடங்குல நீங்க கேக்குறது பசாசோட ஆரவாரத்த விட்டுடுறீங்களான்னு. விட்டுடுறேன். சத்தமாவே சொல்றேன். ஆனா இந்த ஆரவாரம் பசாசோடது இல்ல. என்னோடது. என்னோடத விடச்சொல்லி உங்க புத்தகத்துல எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னு காட்டுங்க, இப்பவே விட்டுடுறேன்."

சாமியார் புத்தகத்தைத் திறக்கவில்லை. சூசைராஜ் பக்கம் திரும்பி, "நீங்க கிளப்புல சீட்டு ஆடுறீங்கள்ல, அத விட்டுடுவீங்களா?" என்றார்.

சூசைராஜ் துணுக்குற்றார். "சாமி, அதையும் இதையும் ஒன்னா வைக்கலாமா? நாங்க பணம் வச்சு ஆடுறோம் சாமி! சும்மா வெளையாட்டுக்குன்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

சாமியார் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். துடைக்க வேண்டிய அளவு வியர்வை எனக்குத் தெரியவில்லை.

"சரி, ஞாயித்துக்கெழமை ஒரு நாளைக்காவது?"

"காலையிலன்னா பரவாயில்ல சாமி. சாயங்காலம் ஆள் கொறையும்."

அப்போதுதான் சலோமி பேசினாள். உங்கள் மகள் உங்களைப்போல் அல்ல, எழுதாமல் பேசுகிறவள். "சாமி, ஆரவாரம்னா என்னன்னு நான் கேக்கலாமா? இந்தப் புள்ள கோயில் மணி அடிச்சா முழிச்சுக்குது. அத்தை ஜெபமாலை சொன்னா முழிச்சுக்குது. எங்க அப்பா வந்து ஒரு தடவ கொஞ்சுனாரு, அன்னிக்குப் பூரா அழுதுச்சு. மாமா அந்த மெஷினப் போட்டு டுப் டுப்புன்னு ஆடுனா மட்டும்தான் அசந்து தூங்குது. அது ஆரவாரம்னா புள்ளைக்குத் தெரியாதா சாமி?"

தர்க்க சாத்திரத்தில் இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம், கண்கண்ட சான்று என்று பெயர். முப்பது வருடமாகக் கற்பிக்கிறேன், இவ்வளவு சுத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. சாமியார் சிரித்தார். மறைக்காமல், மேசையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சூசைராஜும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தை இழுத்து, ஞானத்தகப்பன் என்ற இடத்தில், யாகப்பன் என்று மையால் எழுதி, மை காயும் வரை ஊதினார். "ஞாயித்துக்கெழம பூசைக்கு முன்னாடியே வந்துடுங்க சார்" என்றார். பிள்ளையைத் தூக்கிய சலோமியோடு டீக்கடை வழியாகத்தான் வீட்டுக்கு நடந்தேன். 'டுப் டுப்' என்றார்கள். "இன்னும் கொஞ்சம் மெதுவா. புள்ள தூங்குது" என்றேன்.

ஆகவே அறியத்தருவது என்னவென்றால்: வரும் ஞாயிறு உங்கள் பேரனை நான் ஏந்துகிறேன். அன்று சாயங்காலம் வழக்கம்போல் ஆடவும் ஆடுவேன். வெயில் அடித்தால் கதவையும் சாத்துவேன். சடங்குக்கு நீங்கள் வரத் தேவையில்லை. குடும்பத்துக்கு அழகில்லாத ஒரு காட்சியைப் பார்க்க அவ்வளவு தூரம் பஸ்ஸில் வருவது உங்கள் உடம்புக்கும் நல்லதல்ல. இனி நம்மிடையே கடிதப் போக்குவரத்தும் அவசியமில்லை என்று கருதுகிறேன். உங்கள் இரும்புக் குண்டுகள் மரக்குண்டை விட்டு விலகாதிருக்கவும், உங்கள் பென்ஷன் தவறாமல் வரவும், சேசு மரி சூசை உங்களைக் காக்கவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன் என்ற அளவில்,
சி. யாகப்பன், எம்.ஏ.

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் சலோமி வாங்கிப் படித்தாள். முதல் பக்கத்திலிருந்தே சிரித்தாள். கடைசிப் பத்தியில் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "மாமா, எங்கப்பா வந்து நிக்காம எம்புள்ள தலையில ஒரு சொட்டுத் தண்ணி விழாது. ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்க, இல்லன்னா ரெண்டு பேரும் வேணாம், அவன் பெரியவனாகி அவனே போய் ஊத்திக்கிடட்டும்" என்கிறாள். சொன்னதோடு நிற்காமல் குமிழைக் கழற்றி எடுத்துப்போய்த் தன் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியது முழுவதையும் எழுதப்படாததாகக் கொள்ளவும். கிழித்துப் போட்டிருப்பேன், இவ்வளவு ஒழுங்காகக் கட்டி எழுதிய ஒன்றைக் கிழிக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் அவசியம் புறப்பட்டு வரவும். வந்ததும் சலோமியிடம் பேசிக் குமிழை வாங்கித் தரவும்; நீங்கள் கேட்டால் கொடுப்பாள். இன்னொரு விஷயம். இந்த மெஷினில் இரண்டு பேர் எதிரெதிரே ஆடுகிற ஆட்டமும் ஒன்று உண்டு. எதிரே உட்கார இதுவரை இந்த ஊரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. குறிபார்த்துப் பழகிய கண் உங்களுக்கு. முதல் நாள் தோற்பீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன். கதவைச் சாத்திக்கொள்வோம்.